போயிட்டு வாறன்: விம்பிள்டன் பெரும்படை குரோய்டனை வென்ற கதை

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிட்டு இந்தச் சரித்திரத்தைத் தொடங்குகிறேன். போன மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று பேர் கொண்ட பெரும்படை விம்பிள்டனிலிருந்து குரோய்டனுக்குப் புறப்பட்டது. தளபதி அடியேன். அடுத்தது சுதன், என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் வீட்டில் தங்கி, இந்த நாட்டிடம் தஞ்சம் கேட்டிருப்பவன். அன்று சட்டத்தரணியிடம் அவனுடைய வாக்குமூலத்தை முடித்துக் கையெழுத்திடவேண்டும். அதில் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, பக்கத்து வீட்டு ஜீன். இங்கேயே பிறந்த எழுபத்தாறு வயது வெள்ளைக்காரப் பெண்மணி. சுதனுக்கு ஆதரவுக் கடிதம் எழுதியவர். முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் மிளகாய் வறுத்த நாளில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டவரும் அவர்தான். எட்டு வண்டி வந்தது. (சரி, ஒன்று.)

இந்த வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: விம்பிள்டன் நிலைய வாசலில் பயண அட்டையைத் தட்டினாலும் ட்ராம் மேடையில் இன்னொரு முறை தட்டவேண்டும். கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். என்னைப்போல் அறுபது தாண்டிய லண்டன் இளைஞர்களுக்குக் காலை ஒன்பதுக்குப் பிறகு இலவசம். சுமார் பதினொரு கிலோமீற்றர், அரை மணித்தியாலம். 9.20 ட்ராம் எங்களைக் கண்டதும் முழங்காலிட்டு வணங்கியது.

சட்டத்தரணி நைஜீரியாவில் பிறந்த பெண்மணி. சுதன் சொன்னதை முதலில் ஆங்கிலமாக்கியவன் நான். அகராதிகள் என்னிடம் டியூஷன் எடுப்பது ஊரறிந்தது. அதை வாசித்துக்கொண்டு வந்தவர் மூன்றாம் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

“வெளிக்கிடும்போது, திரும்பி வருவேன் என்று அம்மாவிடம் சொன்னாராமே? திரும்ப நினைத்தவருக்கு அங்கே என்ன பயம் என்று கேட்பார்களே.”

நான் தமிழில் விளக்கிச் சொன்னதும் சுதன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். “ஐயோ சித்தப்பா, நான் அப்பிடிச் சொல்லேல்லையே!”

“போயிட்டு வாறன் எண்டுதானேயடா சொன்னனீ?”

“ஓம், பின்ன? பெத்த தாயிட்ட ‘போறன்’ எண்டே சொல்லுறது?”

தனக்குத் தெரிந்த அந்தத் தமிழ் காதில் விழுந்ததும் ஜீன்தான் சிரித்துக்கொண்டு சட்டத்தரணிப் பக்கம் திரும்பினார்.

“குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போகும்போதுகூட இவர்கள் அதைத்தான் சொல்வார்கள். அது விடைபெறும் சொல். வெறுமனே ‘போறன்’ என்றால் சாவுக்குப் போகிற மாதிரி. ஒருநாள் நான் அப்படிச் சொல்லிவிட்டேன். திருத்திச் சொல்லும்வரை இவர் மனைவி என் கையை விடவில்லை. அன்றிலிருந்து நானும் போயிட்டு வாறன்தான்.”

சட்டத்தரணி அந்த வரியை வெட்டி, ‘அம்மாவிடம் விடைபெற்றேன்’ என்று எழுதினார். விளக்கத்தை ஜீன் தன் கடிதத்தின் அடியில் சேர்த்தார். குரோய்டன் முழுவதும் வெடி கொளுத்தியது. ட்ராம்கள் மாலை போட்டுக்கொண்டன.

இந்தச் சித்திரையில் சுதனுக்கு இங்கே தங்க அனுமதி வந்தது. கடிதத்தோடு அவன் முதலில் ஓடியது ஜீனின் கதவுக்கு.

உங்களுக்குப் புத்திமதி ஒன்றுதான்: வாக்குமூலத்தைத் தகுதியான மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், தளபதிகளிடம் கொடுக்காதீர்கள். வெடி பொய், மாலை பொய், முழங்காலிட்ட ட்ராமும் பொய். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எனக்குத் தமிழ் சொல்லித்தந்து ஒரு பெடியனைக் காப்பாற்றினார் என்ற சின்னத் துண்டு மட்டும் உண்மை.