அகஸ்ரீனாவின் பிறப்புப் பதிவு

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் நான் குடியிருந்த மாடி வீட்டின் அழைப்புமணிப் பலகையில் என் பெயர் இல்லை. வீட்டுக்காரர் எழுத விடவில்லை. 2022இல் ஒருநாள் வதிவைச் சரிபார்க்க வந்த அலுவலர், பலகையில் பேரின்பநாயகம் என்ற பெயரைக் காணாமல், இங்கே அப்படி எவரும் இல்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். பதினான்கு வருடம் படுத்தெழும்பிய வீட்டில் நான் இல்லை என்றாகிவிட்டது. வதிவுப் பதிவு இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது பெரும்பாடு. கடுதாசிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் பின்னால் இருக்கும் உதவி நிலையத்துக்குப் போனேன். வெளிநாட்டவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இடம் அது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைக் கண்டதும், சொல்ல வேண்டியதை இத்தாலியனில் ஒருமுறை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். அகன்ற கன்னம், ஒடுங்கி நீண்ட கண். சீனப் பிள்ளை என்றே நினைத்தேன். நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்:

“இருங்கோ மாமா. பை பாரமாக் கிடக்கு, மேசையிலை வையுங்கோ.”

நான் திகைத்ததைப் பார்த்துச் சிரித்தாள். “அப்பா மன்னார், பேசாலை. அம்மா கசகஸ்தான். நான் அகஸ்ரீனா. முதல் நாள் எல்லாரும் உங்களைப் போலத்தான் முழிக்கிறவை.”

மற்ற நாள் அவளே என் வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரரோடு படியில் நின்றபடி கதைத்தாள். சத்தம் போடவில்லை. சட்டத்தின் இலக்கத்தைச் சொன்னாள், கையோடு கொண்டுவந்த சிறு தாளில் என் பெயரை எழுதி மணிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஆறு கிழமையில் என் பதிவு திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தோடு எனக்குப் போக்குவரத்து. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

தகப்பன் ஏர்னஸ்ற் 1997இல் ஜெர்மனிக்கென்று வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் மொஸ்கோவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அல்மாட்டிக்கு மாற்றி, ஒரு வீட்டில் ஏழு பேரோடு வைத்துவிட்டு ஒரு காலை காணாமல் போய்விட்டான். ஏர்னஸ்ற் பெரிய சந்தையில் மூட்டை இறக்கினார். அங்கே பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து விற்றவர் ராய்கான். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவர். சோவியத் உடைந்தபின் மாதக்கணக்காகச் சம்பளம் வராததால் ரீச்சர்மார் பலர் சந்தைக்கு வந்திருந்த காலம் அது. இருவரும் உடைந்த ரஷ்ய மொழியில் கதைத்துப் பழகி, கலியாணம் முடித்தார்கள். 1999 மார்ச்சில் அகஸ்ரீனா பிறந்தாள். பிறகு ஏர்னஸ்ற் ஒருபடியாகப் பலெர்மோவுக்கு வந்து, கடுதாசி இல்லாதவர்களுக்கு வந்த பொது மன்னிப்பில் பெர்மெஸ்ஸோ எடுத்து, 2005இல் மனைவியையும் ஆறு வயது மகளையும் கூப்பிட்டார்.

ராய்கானின் தமிழ் சரளமானது, ஆனால் தன் வழியில் போகும். கோயில் வாசலில் நின்று, “ஏர்னஸ்ற், வா, போவம்!” என்று புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மகளை அவர் கூப்பிடுவது அக்கு என்று. கசாக் மொழியில் அன்னம். பக்கத்து வீட்டுச் சிறுசுகள் அதை அக்கா என்று கேட்டு, இன்றைக்கும் அவளை அக்கா என்றே அழைக்கின்றன.

ஏர்னஸ்றுக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது 2017 ஜூலையில். மகளுக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம். அந்த நாலு மாதத்தால் தகப்பனோடு சேர்ந்து அவளுக்குக் கிடைக்கவில்லை. தனியாக விண்ணப்பித்தாள். பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்துப் பட்டமும் எடுத்துவிட்டாள், விண்ணப்பம் மட்டும் அசையவில்லை. காரணம் ஓர் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ‘ஆர்னஸ்ற்’ என்று இருந்தது. இத்தாலியப் பத்திரங்களில் தகப்பன் பெயரே அவளுடைய குடும்பப் பெயர், அங்கே அது ‘ஏர்னஸ்ற்’. கடிதம் மூலம் திருத்துவதென்றால் ஒரு வருடத்துக்கு மேல் செல்லலாம் என்றார்கள்.

“நேரை போவம், அக்கு,” என்றார் ராய்கான். பதினெட்டு வருடமாக அவர் ஊர் பார்க்கவில்லை. பொலிதேயாமா அரங்குப் பக்கம் தான் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோராவிடம் மூன்று கிழமை லீவு கேட்டு வாங்கினார்.

2023 மே மாதம் போனார்கள். அல்மாட்டியில் மக்கள் சேவை மண்டபம் ஒன்றில் இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருந்தார்கள். கவுன்ரரில் இருந்த இளம்பெண் சான்றிதழையும் தகப்பனின் பழைய பாஸ்போர்ட் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு 1999ஆம் ஆண்டுப் பதிவின் படத்தைத் தன் கணினியில் எடுத்து, திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். கீழே தகப்பனின் கையெழுத்து.

“இது என்ன மொழி? நாங்கள் யாரும் கண்டதில்லை,” என்று கேட்டாள்.

அகஸ்ரீனா குனிந்து பார்த்தாள். ‘ஏர்னஸ்ற்’ என்று முழுதாக, தமிழில், றகரத்துக்குப் புள்ளியும் வைத்து. தனக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்தில் அவர் தன் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். பிழை பக்கத்தில் தட்டச்சு செய்ததில்தான். அவள் அதை உரக்க வாசித்துக் காட்டினாள். கவுன்ரர்ப் பெண் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, திருத்தத்துக்கான படிவத்தைத் தானே நிரப்பினாள். நாலாம் நாள் புதிய சான்றிதழ் கைக்கு வந்தது.

திரும்பி வர இன்னும் பத்து நாள் இருந்தது. “எனக்கும் ஒரு பதிவு பாக்க வேணும்,” என்றார் ராய்கான்.

கசாக் குடும்பத்தில் பிறந்தவர் தகப்பன் வழியில் ஏழு தலைமுறையின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ராய்கானுக்கு இரண்டுதான் தெரியும். அவருடைய தகப்பனின் தகப்பன் சிறுவனாக இருக்கும்போது, 1932இல், நாட்டில் பெரும் பஞ்சம். மேய்ச்சல் சனத்தின் ஆடு மாடு குதிரையெல்லாம் அரசு பறித்து, ஓரிடத்தில் குந்து என்று கட்டாயப்படுத்திய காலம். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். அந்தச் சிறுவனை ஒரு ரயில் நிலையத்தில் எடுத்து அனாதை விடுதியில் விட்டார்கள். யாருடைய பிள்ளை என்று தெரியாததால் நிலையத்தின் பெயரையே குடும்பப் பெயராக எழுதினார்கள். வரலாறு படித்த காலத்தில் ராய்கான் அந்த விடுதியின் பதிவேட்டைத் தேடினார். திறந்து காட்டமாட்டோம் என்றார்கள். திறந்து காட்டும் காலம் வந்தபோது அவர் சந்தையில் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தார்.

ஆவணக் காப்பகத்தில் ஏடு கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் பட்டியல். வயது தெரியாத எல்லோருக்கும் பிறந்த நாள் மே ஒன்று. நூற்று நாலாம் வரியில் அந்தப் பெயர். தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும் அதே போலக் கோடுகள். ராய்கான் அந்தக் கோட்டில் விரலை வைத்தார்.

“அம்மா அழேல்லையோ?” என்று பிறகு நான் அகஸ்ரீனாவிடம் கேட்டேன்.

“அம்மா அழேல்லை மாமா. நான்தான் அழுதனான். அம்மா சொன்னா, எழுதினவன் கெட்டவனா இருக்க மாட்டான், அவனுக்கு முன்னாலை இருநூறு பிள்ளையள் பசியோடை நிண்டிருக்கும் எண்டு. எனக்கு அது காணாது மாமா. ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தா ஒரு பேராவது மிஞ்சியிருக்கும்.”

அந்த வருடமே பொது நிருவாகத்தில் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போவதாக வீட்டில் சொன்னாள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். ஏர்னஸ்ற் பொலிதேயாமாப் பக்கக் கட்டடங்களில் படி துடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

“குடியுரிமை வரட்டும், லண்டனுக்குப் போற வழியைப் பாப்பம். அங்கை மச்சான் இருக்கிறான்,” என்றார்.

“நான் இஞ்சைதான் இருக்கப் போறன், அப்பா.”

“இவ்வளவு படிச்சும் கவுன்ரரிலை இருந்து முத்திரை குத்தவோ?”

“முத்திரை குத்தின ஒரு ஆள்தான் அப்பா உங்களை ஆர்னஸ்ற் ஆக்கினது. எனக்கு ஆறு வருசம் போச்சு. முத்திரை குத்திற இன்னொரு ஆள்தான் அதை நாலு நாளிலை மாத்தித் தந்தது. அது சின்ன வேலையோ?”

ஏர்னஸ்ற் எழும்பிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அந்தக் கிழமை முழுக்க மகளோடு சரியாகக் கதைக்கவில்லை என்று ராய்கான் சொன்னார்.

நேர்முகத்தில் மூன்று பேராசிரியர்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டதற்கு அவள் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொன்னாள். பிறகு அழைப்புமணிப் பலகையில் பெயர் இல்லாத ஒரு மாமாவைப் பற்றியும். “இரண்டும் ஒன்றா?” என்று ஒருவர் மடக்கினார். இல்லை, ஒன்று சாவு, மற்றது அலைச்சல். ஆனால் இரண்டிலும் ஏட்டில் இல்லாத ஆளை இல்லாத ஆளாகவே எண்ணிவிட்டார்கள் என்றாளாம். இடம் கிடைத்தது. உதவித்தொகை மட்டும் மூன்று இடத்தால் தவறிப்போனது. காலையில் வகுப்பு, பின்னேரம் உதவி நிலையம் என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போனாள். முதல் தவணையில் புள்ளிவிபரப் பாடத்தில் பெயில், இரண்டாம் தடவை பாஸ்.

2024 ஒக்ரோபரில் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். ஏர்னஸ்ற் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். கசகஸ்தான் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. இத்தாலியப் பிரசை ஆனவுடன் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். இருந்தும் அதைக் கடித உறையில் வைத்த காலையில் அவள் உறையை ஒட்டாமல் வைத்திருந்தாள்.

“அம்மா, நான் இனி உங்கட நாட்டு ஆள் இல்லை.”

“பாஸ்போர்ட்டை அனுப்பு,” என்றார் ராய்கான். “நீ யார் எண்டு அவங்களுக்குத் தெரியாட்டி, நான் சொல்லுவன்.” உறையை மகளிடம் விடாமல் தானே நக்கி ஒட்டினார். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். ஆய்வேட்டுக்கு அந்த அனாதை விடுதிப் பட்டியல்களையே எடுத்திருக்கிறாள். பெயரில்லாமல் வருபவர்களை ஒரு நகரசபை எப்படிப் பதிய வேண்டும் என்பது கேள்வி. அவளுக்குக் கசாக் பேச வரும், பழைய ஏடுகளின் கையெழுத்தை வாசிக்க வராது. ராய்கான் வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசை முழுக்கப் படப்பிரதிகள். ராய்கான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மகள் இத்தாலியனில் எழுதுகிறாள். சில இடத்தில் ராய்கான் நிறுத்தி, “இல்லை, இது தப்பு, இந்த வருசம் இப்படி நடக்கேல்லை,” என்று தொடங்கினால் அரை மணித்தியாலம் பாடம்தான். மகளைப் பேனையைக் கீழே வைக்க விடமாட்டார்.

போன ஞாயிறு நான் போனபோது ஏர்னஸ்ற் மீன்குழம்புச் சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார். மேசையில் ஒரு சாண் இடமில்லை.

“அண்ணை, பாருங்கோ, என்ரை வீட்டிலை எனக்கு இருந்து சாப்பிட இடமில்லை,” என்றார் என்னிடம்.

“ஏர்னஸ்ற், சத்தம் போடாதை,” என்றார் ராய்கான், தலை நிமிராமல். “ஒரு பிள்ளையிண்டை தகப்பன் பேர் கிடைச்சிருக்கு.”

ஏர்னஸ்ற் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, அது என்ன பெயர் என்று எட்டிப் பார்க்கப் போனார்.