ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு

2009இல் நான் குரோய்டனில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தேர்தல் தொகுதிகளுக்கு எல்லை வரையும் மென்பொருள் அது. அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தார்கள். அங்கே அடுத்த வருடம் குடிசன மதிப்பு, மக்களை எண்ணும் கணக்கெடுப்பு. அது முடிந்ததும் தொகுதிகளைத் திரும்ப வரைய வேண்டும். பழைய வரைபடங்களை ஏற்றி, மக்கள் தொகை தொகுதிக்குத் தொகுதி சமமாக வருகிறதா என்று சோதிப்பது என் வேலை.

சமமாகத்தான் வரும். உருவம்தான் விசித்திரமாக இருக்கும். ஒரு தொகுதி நெடுஞ்சாலையின் அகலத்துக்கு மெலிந்து, ஓர் ஊரைத் தாண்டிப் போய், மறுபடி விரியும். பல மாநிலங்களில் எல்லையை வரைவது சட்டசபை உறுப்பினர்களே என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பிரித்தானியாவில் அதற்குத் தனி ஆணைக்குழு இருக்கிறது. அமெரிக்காவில் கையாளும் முறைகள் இரண்டு. எதிர்த்தரப்புக்கு வாக்களிப்பவர்களை ஒரே தொகுதிக்குள் நெருக்கி அடைப்பது ஒன்று. பல தொகுதிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு, எங்குமே வெல்ல முடியாமல் செய்வது மற்றது.

ஒரு நாள் ஒரு தொகுதியில் ஆட்கள் சரியாக இருந்தார்கள், வாக்காளர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். மென்பொருளின் பிழை என்று பதிந்தேன். அமெரிக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் எடுத்துச் சிரித்தார். அது பிழை இல்லையாம். அங்கே ஒரு பெரிய சிறைச்சாலை இருக்கிறதாம். கைதிகளைச் சிறை இருக்கும் இடத்தில் எண்ணுவார்கள், ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அதனால் சிறையைச் சுற்றியிருப்பவர்களின் வாக்குக்கு எடை கூடுகிறது.

அன்று மாலை இதை வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன். கிங்ஸ்பரியில் அவருடைய வீட்டின் மேல் அறை ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் அக்கா. கீழே அவரும் கணவரும் மகளும். மேலே கணவரின் தம்பி குடும்பம். பின்னறையில் அவர்களோடு பாரிசிலிருந்து வந்த இன்னொரு குடும்பம். பிரதான வீதியில் அக்காவின் பலசரக்குக் கடை.

"மறியல்ல இருக்கிறவனையும் எண்ணுறாங்களோ?" என்றார் அக்கா. "இஞ்ச வெளியில திரியிற என்னை ஒருத்தரும் எண்ணேல்லை."

அது உண்மைதான். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த அவருக்குப் பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கு, பொதுநலவாய நாட்டவர் என்பதால், இருந்தது. "அந்தப் பாஸ்போர்ட் எடுக்க நான் பட்ட பாடு! பேசாமல் சிலோன் பாஸ்போர்ட்டோடயே இருந்திருக்கலாம்" என்பார்.

அவருக்கு அந்த வருடம் முக்கியமாக இருந்த தேர்தல் வேறு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மூன்று இடங்களில் வகுப்பு நடந்தது: விம்பிள்டன், ஹரோ, கடைசியாகத் தொடங்கிய கிங்ஸ்பரி. மண்டப வாடகை ஏறியதால் ஓரிடத்தை மூட வேண்டும். எதை என்று பெற்றோர் சங்கத்தின் புதிய நிர்வாகக் குழு முடிவெடுக்கும். சனிக்கிழமை கடையில் சனம் கூடும் நாள். கிங்ஸ்பரி வகுப்பென்றால் அக்கா மகளை நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே திரும்பி வரலாம். அதற்காகவே அவர் குழுவுக்குப் போட்டியிட்டார்.

சங்கத்தின் செயலாளர் விம்பிள்டனில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கணக்காளர், மரியாதையான மனிதர். "தங்கச்சி, நீர் மப் கீறுற வேலையாமே? எங்கட வட்டாரங்களையும் ஒருக்கா கீறித் தாருமன்" என்று கேட்டார். வட்டாரத்துக்கு ஒரு குழு உறுப்பினர். அவர் தந்த மாதிரிப் படத்தில் ஒரு கோடு கிங்ஸ்பரியின் பிரதான வீதி வழியே நேராக ஓடியது. வடக்கு ஹரோவோடு, தெற்கு வெம்பிளியோடு. அக்காவைப் போலப் பாரிசிலிருந்து வந்து, பிள்ளைகளைக் கிங்ஸ்பரி வகுப்புக்கு அனுப்பும் குடும்பங்கள் அந்த வீதியின் இரண்டு பக்கமும் இருந்தன. அலுவலகத்தில் தினமும் பார்க்கிற படம்.

கிங்ஸ்பரியைப் பிரிக்காமல் முழுதாக வைத்து, ஹெண்டன் பக்கம் சில தெருக்களைச் சேர்த்து வேறு படம் வரைந்தேன். ஆறு காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"வீதிக்கு நடுவால ஏன் அண்ணை பிரிச்சனீங்கள்?"

"வீதியெண்டா எல்லாருக்கும் தெரியும். போஸ்ட்கோட் ஆருக்குத் தெரியும்?" என்றார். இரண்டாவது காரணத்துக்கு வருவதற்குள் என் படத்தை எடுத்துக்கொண்டார். "இதுவும் நல்லாத்தானே இருக்கு. இதையே வைப்பம்."

மீதி ஐந்து காரணங்களும் கையில் இருந்தபடியே தேநீர் குடித்தேன். பிறகு மற்றதைக் கேட்டேன். சங்கத்தில் ஒரு வீட்டு முகவரிக்கு ஒரு வாக்கு. எங்கள் வீட்டில் மூன்று குடும்பம், மூன்று குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்புக்குப் போகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம்?

"அது சங்கத்தின்ர யாப்பில எழுதின விதி, தங்கச்சி. தொடங்கேக்க ஒரு வீட்டில ஒரு குடும்பம்தானே. புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் வந்து போடாமல் இருக்க வைச்சது. கோடெண்டா நான் மாத்துவன். யாப்பை மாத்தப் பொதுக்கூட்டம் வேணும்."

வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, விம்பிள்டன் மண்டபத்தில். நேரில் வர வேண்டும். அந்த வார இறுதியில் பராமரிப்பு வேலைக்காக எங்கள் பக்கத்து டியூப் ரயில் ஓடவில்லை. அக்கா கடையைப் பூட்டினார். கணவரின் தம்பியின் வான் வண்டியில் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஏறினோம்.

மேசையில் இருந்த இளைஞர் பதிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த வீட்டுக்கு ஒரு வோட்டுத்தான் அக்கா."

"தம்பி, இவ வேற குடும்பம், இவர் வேற குடும்பம். சமையலே வேற வேற."

"எனக்கு விளங்குது. ஆனா கதவு ஒண்டுதானே?"

"பின்கதவு ஒண்டும் இருக்கு. அதுக்கு ஒரு வோட்டுத் தாரும்" என்றார் அக்காவின் மைத்துனர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்தார். ஆனால் ஒரு சீட்டுத்தான் தந்தார். அக்கா வாக்களித்தார், நாங்கள் பிஸ்கட் தின்றுகொண்டு நின்றோம். கிங்ஸ்பரிக் கடைக்காரர்கள் சிலர் வரவே இல்லை. இரண்டு பேர் பன்னிரண்டு தாண்டி வந்து திரும்பிப் போனார்கள்.

கைவிரல்களுக்குள் அடங்கும் வித்தியாசத்தில் அக்கா தோற்றார். வென்றவர் ஹெண்டனில் இருந்த, மகனைக் காரில் ஹரோ வகுப்புக்குக் கொண்டுபோகிற ஒரு தாய். எங்கள் வீட்டின் மற்ற இரண்டு குடும்பங்களும், எங்களைப் போலக் கூடியிருந்த பக்கத்து வீடுகளும் குடும்பத்துக்கொரு சீட்டுப் பெற்றிருந்தால் முடிவு வேறு. வட்டாரங்களைச் சமமாகத்தான் வரைந்திருந்தேன், வீடுகளின் எண்ணிக்கையில். அமெரிக்காவில் வாக்களிப்பு நிலையத்தை வேறிடத்துக்கு மாற்றியதைப் பற்றியும், வேலை நாளான செவ்வாய்க்கிழமையில் நீளும் வரிசைகளைப் பற்றியும் வரும் செய்திகளை அதுவரை என் வேலைக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று படிக்காமல் தள்ளியிருந்தேன். அதன் பிறகு படித்தேன்.

தை மாதத்தோடு கிங்ஸ்பரி வகுப்பு மூடப்பட்டது. சனிக்கிழமைகளில் அக்கா எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் பஸ்ஸில் ஹரோவுக்குக் கூட்டிப் போய், வகுப்பு முடியும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுவருவார். அந்த நேரம் கல்லாவில் நான். முருங்கைக்காயின் விலை கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது, "அக்கா எங்கை?"

ஒரு நாள் அவர் திரும்பி வந்து, கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"யாப்பை மாத்துற பொதுக்கூட்டம் எப்பவாம்?"

"கேட்டுச் சொல்லுறன்."

"எப்ப எண்டு மட்டும் கேளாத. எங்கை, எத்தினை மணிக்கு எண்டும் கேள்."

அங்கேயே நின்று செயலாளரை அழைத்துக் கேட்டேன். சனிக்கிழமை, காலை பத்து மணி, விம்பிள்டன்.

அக்கா கோட்டைக் கழற்றி, கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார்.

"அப்ப அண்டைக்கும் கடை உன்ர பொறுப்பு" என்றார்.