தொட்டிக்குள் ஒன்பது கோல்டு ஃபிஷ்

வேங்கிக்கால் வீட்டுக்கு ஒன்றரை அடித் தொட்டி வாங்கினேன். அம்மா ராசிக்கு ஒன்பது மீன் கேட்டார். சிவப்பில் எட்டு, திருஷ்டிக்குக் கறுப்பு ஒன்று. பளபளவென்று மினுங்கிய கோல்டு ஃபிஷ்களாகவே பொறுக்கினேன்.

"இதுக்கு ரெண்டே ஜாஸ்திங்க. ஒன்பதுன்னா பௌர்ணமிக்குக் கிரிவலம் போற பஸ்ஸாட்டம் ஆயிடும்," என்றார் கடைக்காரர். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கறுப்பு மீன் செத்து மிதந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நமக்கு வந்தத அது வாங்கிக்கிச்சுடா. வேற கறுப்பு வாங்கியாந்துடு."

மற்ற எட்டும் மேலே வந்து காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போதுதான் கவனித்தேன்.

"திருஷ்டி இல்லம்மா, இடம் பத்தல. நான்தான் கொன்னுட்டேன்."

ஆறு மீன்களை வாளியில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"ரெண்டு வைக்காதடா, ஒத்தப்படையா வை!" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினார்.