அருள்நாயகம் கண்டுபிடித்த பிழை

அருள்நாயகத்தின் வலக்கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் வேலை செய்கிறார். விரல்களைப் பற்றிக் கேட்பவர்களிடம் ‘கொரியாவில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

1994இல் மட்டக்களப்பிலிருந்து, தொழிற்பயிற்சி என்ற பெயரில் சியோலுக்குப் போனவர். வீடியோ கேம் காட்ரிட்ஜுகளுக்குப் பிளாஸ்டிக் கூடு வார்க்கும் பட்டறையில் வேலை. ஜப்பான்காரரின் விளையாட்டுகளைப் பிரதி பண்ணிக்கொண்டிருந்த கொரியர்கள் சொந்தமாகச் செய்யத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. பட்டறையின் மேல்மாடியில் நான்கு இளைஞர்கள் ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் கீழே இருப்பவர்களைக் கூப்பிட்டு விளையாடிப் பார்க்கச் சொல்வார்கள். ஆறாம் கட்டத்தில், பாலத்துக்கு அடியில் குனிந்து பாய்ந்தால் வீரன் சுவருக்குள் சிக்கி எல்லாம் உறைந்துவிடும். அதைக் கண்டுபிடித்தவர் அருள்நாயகம். நால்வரில் ஒருவனான பாக் அன்றே அதைத் திருத்திவிட்டு, இவரது தோளில் தட்டி ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த மே மாதம் வரும் சிறுவர் தினத்துக்கு முன் பெட்டிகள் கடைக்குப் போக வேண்டுமென்று, வேலை வேகமாக நடக்க முதலாளி மெஷினின் காப்புத் தகட்டைக் கழற்றுவித்தார். மூன்றாம் நாள் அச்சு இவரது கைமேல் மூடியது. இரண்டு கிழமையில், கட்டுப் பிரிக்காத கையோடு ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

கனடாவில் பிறந்த மகன் கீதன் பழைய வீடியோ கேம்கள் சேர்ப்பவன். யூடியூப்பில் அவற்றைப் பற்றிப் பேசுபவன். போன வருடம் ரொறன்ரோவில் நடந்த கண்காட்சி ஒன்றுக்கு, அந்த விளையாட்டை எழுதிய பாக் விருந்தினராக வருகிறார் என்று அவன்தான் சொன்னான். அருள்நாயகம் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு போனார்.

மேடையில் பாக் அந்த நாட்களை ஆங்கிலத்தில் விவரித்தார். வெளிநாட்டு வேலையாள் ஒருவன் மெஷினுக்குள் கையை விட்டதால் விளையாட்டு கடைக்கு வர இரண்டு நாள் பிந்திப்போனதாம். சபை சிரித்தது. கீதன் கமராவை அப்பாவின் பக்கம் திருப்பினான்.

“அப்பா, எழும்பிக் கையைக் காட்டுங்கோ.”

“நான் அந்தப் பாலத்துப் பிழையைப் பற்றித்தான் கேக்கப்போறன்.”

“அது ஒருத்தருக்கும் தேவையில்லை அப்பா. கைதான் ஸ்டோரி.”

அருள்நாயகம் எழுந்து, தெரிந்த ஆங்கிலத்தில் பாலத்தைப் பற்றிக் கேட்டார். பாக் கொஞ்சம் யோசித்தார். அப்படி ஒரு பிழை இருக்கவில்லை என்றார். விளையாட்டைச் சோதித்தது தாங்கள் நால்வர் மட்டும்தான் என்றும் மரியாதையாகச் சொன்னார்.

அவர் முடிக்கும்போது கீதன் பின்னாலிருந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினான். மண்டபத்தில் எல்லோருடைய போன்களும் உயர்ந்தன. பாக் இறங்கி வந்து, அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பற்றிப் படத்துக்குச் சிரித்தார். பெயரைக் கேட்கவில்லை. சேகரிப்பாளர் ஒருவர், விரல்கள் போன அன்றைக்கு வார்த்த கூடுகளை எப்படி அடையாளம் பிடிப்பது என்று கீதனிடம் விசாரித்தார்.

மறுநாள் கீதன் வீடியோவைக் காட்டினான். பாலத்தைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. எப்படியிருக்கு என்று கேட்டான். நல்லாயிருக்கு என்றார் அருள்நாயகம்.

“அடுத்த மாசம் மொன்றியலுக்கும் பாக் வாறாராம். உங்களையும் கூப்பிடினம். லீவு எடுங்கோ.”

திங்கட்கிழமை அருள்நாயகம் லீவு கேட்டார்.