டெய்லரம்மா வாசித்த வானவர் கீதம்

வாரம் முழுக்கத் தையல் மிஷின், ஞாயிறு காலையில் கோவில் ஆர்கன். டெய்லரம்மாவின் கால் எதையாவது மிதித்துக்கொண்டேதான் இருக்கும். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

போன வருடம், கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, பழக்கதோஷத்தில் வானவர் கீதத்தை வாசித்துவிட்டார். பூசை முடிந்ததும் பங்குச்சாமி எல்லார் முன்னாலும் சொன்னார்: "இயேசு பொறந்தப்போ வானதூதர் பாடினதும்மா அது. பிள்ளை பொறக்கிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது."

டெய்லரம்மா அதை மறக்கவில்லை.

இந்த வருடம் அதே ஞாயிறு. எதிர்த்தெரு ஆஸ்பத்திரியில் மகளுக்கு விடியற்காலையிலிருந்து வலி. இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் தங்கிய பிள்ளை. "இங்க நின்னு எல்லாரையும் திட்டாதே, போய் வாசி. சேதி தெரிஞ்சதும் வரேன்" என்று கணவர்தான் துரத்திவிட்டிருந்தார்.

முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். இரக்கம் கேட்கும் பாட்டு முடிந்தது. விரல்கள் தாமாக வானவர் கீதத்துக்கு நகர்ந்தன. அவற்றை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். வாசலில் யாருமில்லை. சாமி ஜெபத்துக்குக் கைகளை விரித்தார்.

அப்போது கணவர் வந்து நின்றார். மனிதர் அழுதுகொண்டிருந்தார். அவர் இரண்டு கைகளையும் சேர்த்து, தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினார்.

ஆர்கன் முழங்கியது. சாமி விரித்த கையோடு திரும்பி முறைத்தார்.

"பொறந்தாச்சு சாமி" என்றார் டெய்லரம்மா, வாசிப்பதை நிறுத்தாமல்.