அப்பா பிடித்த வெட்டுக்கிளிகள்

என் அலுமாரிக்குப் பின்னால் ஒரு கைவலை கிடக்கிறது. பழைய நுளம்புவலையை வெட்டிக் கம்பி வளையத்தில் தைத்தது. போன கிழமை வீட்டுக்கு வந்த ஒருவர் அதைக் கண்டு, என்னவென்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். "வண்ணாத்திப்பூச்சி பிடிக்கிறது" என்றேன். அவர் போனபிறகு வெகுநேரம் கதவடியிலேயே நின்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உரும்பிராயிலிருந்து சைக்கிளில் பல்கலைக்கழகம் போய் நான் செய்த ஆராய்ச்சி வெட்டுக்கிளிகளைப் பற்றியது. எருக்கலை, நொச்சி போன்ற காட்டுச் செடிகளின் சாற்றைத் தின்னக் கொடுத்தால், அவற்றின் குடலில் உணவைச் செரிக்கவைக்கும் நொதியம் எவ்வளவு மந்தமாகிறது என்று பார்ப்பது. போரால் வந்த பொருளாதாரத் தடையால் பூச்சிமருந்து தோட்டங்களுக்கு எட்டாத காலம், பயனுள்ள வேலைதான். ஆனால் ஒரு குமர்ப்பிள்ளை வலையோடு மிளகாய்த் தோட்டங்களில் பாய்ந்து திரிவதை ஊர் எப்படிப் பார்க்கும்? ஓய்வுபெற்ற தபாலதிபரான அப்பாவுக்கு அது பெரிய தலைகுனிவு. கலியாணப் பேச்சோடு வருகிறவர்களிடம், "பிள்ளை மருந்து விஷயமாப் படிக்கிறா" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். உள்ளே நின்று கேட்கும் எனக்கும் அந்தப் பொய் வசதியாகவே இருந்தது.

ஒருமுறை எனக்குக் கொப்பளிப்பான் என்ற அம்மை வந்தது. வாசற்படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. மின்சாரம் இல்லை, வெக்கையில் நொதியம் கெட்டுவிடும் என்பதால், குருநகரில் ஐஸ் கிடைக்கிற நாளில்தான் எங்களுக்குச் சோதனை. மறுநாள் ஐஸ் வருகிறது, வெட்டுக்கிளிகளை அனுப்பு என்று பேராசிரியர் ஆளனுப்பியிருந்தார். அதை விட்டால் அடுத்த ஐஸ் எப்போதென்று யாருக்கும் தெரியாது. பாயில் கிடந்து அழுதேன். ஊர் மதியச் சாப்பாட்டுக்கு அடங்கியபிறகு, அப்பா வலையை எடுத்துக்கொண்டு பின்படலையால் போனார்.

வியர்த்து ஒழுகத் திரும்பிவந்து பிஸ்கட் ரின்னைத் திறந்து காட்டினார். வெட்டுக்கிளிகளுக்கு மேல் கைநிறைய வேப்பிலை போட்டிருந்தார்.

"அம்மாள் வந்திருக்கிற வீடு, பிள்ளை. அதுகளுக்கும் ஒரு காவல் வேணும்."

எந்தக் கசப்பும் படாத பூச்சிகள்தான் எனக்கு வேண்டும். அந்த இலையைக் கடித்திருந்தால், சாறு கொடுக்கமுன்னமே நொதியம் குழம்பியிருக்கும். "ஐயோ அப்பா, உங்களை ஆர் வேப்பிலை போடச் சொன்னது? எல்லாம் பழுதாப் போச்சு!" என்று கத்தினேன். அப்பா ரின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வேலியோரம் போய் அவற்றைத் திறந்துவிட்டார். திரும்பவும் வலையை எடுத்தார்.

இப்போது வெயில் சாய்ந்து, தோட்டங்களுக்கு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். யன்னலால் எல்லாம் தெரிந்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்புகளில் தடுக்கித் தடுக்கி ஓடினார். ஒருதரம் வலையோடு விழுந்தார். தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீலையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"என்ன போஸ்ட்மாஸ்டர், வண்ணாத்திப்பூச்சி பிடிக்கிறியளோ?" அவர்களில் ஒருவர் உரக்கக் கேட்டார்.

ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ அப்பா என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"இல்லையடாப்பா, வெட்டுக்கிளி. என்ரை மகள் அதைத்தான் படிக்கிறா."

மறுநாள் சோதனை நடந்தது. காலம் பிந்தியென்றாலும் பட்டமும் கிடைத்தது. அப்பா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது.

இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. அந்த விருந்தாளியும் சும்மாதான் கேட்டார். அப்பா விழுந்தபோது கிழிந்த இடம் வலையில் இன்னும் இருக்கிறது. அன்றிரவே அவர் கறுப்பு நூலால் மூட்டிவிட்டிருந்தார். அந்தத் தையலில் விரலை வைத்துக்கொண்டுதான், வண்ணாத்திப்பூச்சி என்று சொன்னேன்.