மொய்யாக வந்த சந்தா

கதை சொல்லியே பிழைத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவெடுத்த அன்று நான் ஒரு பட்டியல் போட்டேன். எதற்கும் பட்டியல் போடுவது என் பழக்கம். பொறியியல் படிப்பு அதைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ‘என்னென்ன கெட்டுப்போகலாம்’ என்பது தலைப்பு. கதைக்குப் பணம் வசூலித்துத் தரும் இணையத் தளம் தன் கமிஷனை ஏற்றலாம். தளமே மூடிப்போகலாம். பணம் கட்டுகிறவர்களின் கார்டு காலாவதியாகலாம். வேறு யாரோ செய்த தப்புக்கு எல்லோர் மீதும் சந்தேகம் விழலாம். அக்காவுக்குத் தொண்டை கட்டலாம். ஐந்து வரிகள். ஆறாவது ஒன்று எங்கள் வீட்டுப் பழக்கத்துக்குள்ளேயே இருந்தது. அதனால்தானோ என்னவோ, அது என் கண்ணில் படவில்லை.

அக்கா கணவரை விட்டு, மகளோடு பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே போனில் துப்பறியும் கதைகளைப் பதிவுசெய்து போட்டாள். கேட்டவர்களில் பாதிப்பேர் லாரி ஓட்டுநர்கள். தொப்பூர் கணவாயில் வண்டி ஊர்ந்து இறங்கும்போது காதுக்கு ஒரு குரல் துணையாக இருக்கிறது என்று எழுதினார்கள். ரசிகர்கள் மாதாமாதம் விரும்பிய தொகையைத் தரும் ஒரு இணையத் தளத்தில் அவளுக்குப் பக்கம் தொடங்கிக் கொடுத்தவள் நான்தான். வருமானம் மருந்துக்கடைச் சம்பளத்தைத் தாண்டியதும் அவள் கடைக்குப் போவதை நிறுத்தினாள்.

அடுத்து அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வாடகை வீடு. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். மத்தியானத்தில் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு வெளிச்சத்தம் பதியாமலிருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் கதை பேசுவாள். கொலையாளி கதவைத் தட்டும் இடத்தில் யாராவது எழுந்துபோய்ச் சமையலறையில் மிக்சி போடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தாள். முன்பணம் நாற்பதாயிரம். “வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேல கேக்கறவங்களுக்குக் குடுத்துருவன்” என்றார் வீட்டுக்காரர். தளத்தில் சேர்ந்திருந்த மூன்று மாதப் பணம் அதற்குச் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பணத்தை எடுக்கப்போனபோது, பக்கம் ஆய்வில் இருப்பதாகவும் பணம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகவும் திரையில் வந்தது.

அந்த மாதம் அதே தளத்தில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்கென்று பணம் திரட்டிவிட்டுப் புதுக் கார் வாங்கியது வெளியே வந்து, பெரிய சண்டையாகியிருந்தது. அதன்பிறகு தளம் எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தது. என் பட்டியலின் நான்காவது வரி என்று நினைத்துக்கொண்டேன். பதற்றம்கூட இல்லை. ஆனால் கீழே காரணம் என்ற இடத்தில் வேறு ஏதோ எழுதியிருந்தது: ஒரே ஆட்களுக்கிடையே பணம் திரும்பத் திரும்பப் போய் வருகிறது.

“இதுலருந்து யாருக்காச்சும் காசு அனுப்புனியாக்கா?”

“மொய் செஞ்சன்.”

“என்ன மொய்?”

“அந்த ஓமலூர்க்காரரு இல்ல, கன்டெய்னர் ஓட்டறவரு? அவரு தங்கச்சிக்குக் கல்யாணம். பத்திரிகைய போட்டோ புடிச்சு அனுப்பியிருந்தாரு. மாசாமாசம் நமக்கு நூத்தியொண்ணு வெக்கறவரு. நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”

மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். சந்தா கட்டுகிறவர்களின் பெயர், ஊர், தொகை எல்லாம் கல்யாண வீட்டில் எழுதுவதுபோலவே வரிசையாக இருந்தன. அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவள் திருப்பிச் செய்தது எதிரே இருந்தது. ஓட்டுநர்களில் பலர் தாங்களும் அதே தளத்தில் பக்கம் வைத்துச் சாலை வீடியோ போடுகிறவர்கள். வங்கி எண்ணைக் கேட்கக் கூச்சப்பட்டு, அந்தப் பக்கங்களிலேயே பணம் போட்டிருக்கிறாள்.

“வெறும் நூத்தியொண்ணு இல்ல, அம்பது சேத்துதான் செஞ்சன்” என்றாள். அதில் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதுபோல.

“தளத்துக்கு மொய்னா என்னான்னு தெரியாதுக்கா. கறுப்புப் பணத்த வெள்ளையாக்கறாங்கன்னு நெனச்சிருக்கும்.”

“நூத்தி அம்பத்தியொரு ரூபாயிலயா?”

சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் எடுத்திருந்தால் இவ்வளவு பணம் மாட்டியிருக்காது. ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் கட்டணம் உண்டென்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அமைத்து வைத்தவள் நான். அதைச் சொன்னேன்.

“தடவைக்கு எவ்ளோ புடிப்பாங்க?”

“பத்து ரூபா.”

“அப்ப இருவது ரூபா மிச்சம்” என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள். என் சேமிப்பிலிருந்து முன்பணத்தைத் தருகிறேன் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். “உங்கிட்ட வாங்கிட்டுப் போறதுக்கு நான் இந்த வூட்லயே இருந்துக்கறன்” என்றாள்.

மொய் என்றால் என்ன, ஏன் ஒரு ரூபாய் சேர்க்கிறோம், ஏன் கூட்டித் திருப்புகிறோம் என்று தளத்துக்கு இரண்டு பக்கம் எழுதி, நோட்டின் படங்களையும் இணைத்தேன். முதல் மூன்று பதில்களும் இயந்திரம் எழுதியவை. புதன்கிழமை ஒரு மனிதர் பதில் எழுதினார். பக்கம் தொடரலாம்; ஆனால் ஆய்வுக்குட்பட்ட தொகை முழுவதும் கட்டியவர்களுக்கே திருப்பி அனுப்பப்படும்.

வியாழக்கிழமை காலையில் குரல் செய்திகள் வரத் தொடங்கின. முதலாவது ஓமலூர்க்காரருடையது.

“ஏங்க்கா, நாங்க என்னா தப்புங்க்கா பண்ணுனோம்? எங்க காசு ஆகலீங்களா? தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க வெச்சத நான் வாங்கிக்கிட்டன்ல? இப்புடி மொய்யத் திருப்பி அனுப்பி முறிச்சுக்கிட்டீங்களே!”

எங்கள் ஊர்ப்பக்கம், வைத்த மொய்யை அப்படியே திருப்பிக் கொடுப்பது உறவு வேண்டாம் என்று சொல்வது. தளம் அதை அக்காவின் பக்கத்துப் பெயரில் அத்தனை பேருக்கும் ஒரே காலையில் செய்துவிட்டது. “பெரிய ஆளாயிட்டீங்க, லாரிக்காரன் காசு எதுக்கு” என்றார் ஒருவர். இன்னொருவர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்: “சரிங்க்கா, ஒதுங்கிக்கறோம். அந்த டாக்டரக் கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிருங்க.”

பணம் நின்றபோது சிரித்த அக்கா இதற்கு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போர்வைக்குள் போய் நான்கு நிமிடம் பேசிப் பதிவாகப் போட்டாள். திருப்பி அனுப்பியது தானில்லை, கம்ப்யூட்டர் என்றாள். யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“முன்பணத்தப் பத்தியும் சொல்லேன்” என்றேன்.

“மொய்யக் கேட்டு வாங்குவாங்களா யாராச்சும்?”

கேட்கவில்லை. ஓமலூர்க்காரர்தான், “ஒங்க பேங்க் நம்பரக் குடுங்க்கா, அந்தக் கம்ப்யூட்டரு நமக்கு வேணாம்” என்று எழுதினார். அக்கா கொடுத்த எண் மற்றவர்களுக்கும் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது. பலர் திரும்பி வந்த பணத்தை மறுபடி அனுப்பினார்கள். சிலர் அனுப்பவில்லை. அசாம் பக்கம் போனவர்களுக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. மற்றவர்கள் ஏன் அனுப்பவில்லை என்று அக்கா கேட்கவுமில்லை. நோட்டில் அவர்கள் பெயரை அடிக்கவுமில்லை. மணி மூன்றாகியும் முன்பணத்துக்கு இன்னும் பதினோராயிரம் குறைவாக இருந்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும்.

அக்கா நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“புது வூட்ல பால் காய்ச்சறோம். நீ என்னா எழுதற?”

கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. “பதினோராயிரம்.”

அவள் பேனாவை வைக்காமல் காத்திருந்தாள்.

“பதினோராயிரத்தி ஒண்ணு” என்றேன்.

என் பெயரை எழுதினாள். ஒரே வீட்டில் இருக்கிற என்னுடைய ஊரையும் எழுதினாள். “ஒனக்குக் கல்யாணம் ஆகறப்ப அம்பது ரூபா சேத்து வெப்பன். அதுக்கு மேல எதிர்பாக்காத” என்றாள்.

அன்று மாலை முன்பணம் கொடுத்தோம். பணம் எடுப்பதை வாரம் ஒருமுறை என்று மாற்றினேன். இனி மொய் செய்வதானால் வங்கிக் கணக்கிலிருந்து செய் என்றேன். செய்யாதே என்று சொல்லத் தோன்றவில்லை.

புது வீட்டின் முதல் பதிவில் போர்வை இல்லை, மிக்சியும் இல்லை. நடுவில் அரூர் பேருந்தின் ஹாரன் மட்டும் நீளமாகக் கேட்கிறது. வெட்டிவிடவா என்றதற்கு அக்கா விட்டுவிடச் சொன்னாள். அதற்கு முதலில் வந்த பதிலும் ஓமலூர்க்காரருடையதுதான்: “என்னங்க்கா, கொலகாரன் பஸ் ஏறிட்டானா?”